எழுத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ்

மாத்யூ ஆர்னால்டை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியது ஒரு வினாத்தாள். அஞ்சல் வழியில் ஆங்கில முதுகலை படித்த நாள்களில், விக்டோரியா காலத்துக் கவிஞர், விமர்சகர் என்ற அளவில் அவரைப் பற்றி நாலு பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்து எழுதித் தேறினேன். பகலெல்லாம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே கூரையின்கீழ் நடத்திவிட்டு இரவில் அவரைப் படித்தேன். அந்த மனிதரும் தம் வாழ்நாளில் 35 ஆண்டுகளைத் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில், சிறு குழந்தைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேட்டபடியே கழித்தவர் என்பதை அந்தக் குறிப்பு சொல்லவில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகே அவருடைய பள்ளி ஆய்வு அறிக்கைகள் என் கைக்கு வந்தன. படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

1822 டிசம்பர் 24 அன்று தேம்ஸ் நதிக்கரையில் உள்ள லேல்ஹாம் என்ற சிற்றூரில் ஆர்னால்ட் பிறந்தார். தந்தை தாமஸ் ஆர்னால்ட், 1828இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராகி அந்தப் பள்ளியின் பெயரை நாடறியச் செய்தவர். மகனுக்குச் சிறு வயதில் கால்கள் வளைந்திருந்ததால் இரும்புப் பட்டை கட்டி நடக்க வைத்தார்கள். புகழ்பெற்ற தலைமையாசிரியரின் பிள்ளை என்ற சுமையை அவர் விளையாட்டுத்தனத்தால் உதறப் பார்த்தார் என்றே தோன்றுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பகட்டான உடைக்கும் கேலிப் பேச்சுக்கும் பெயர் வாங்கினார். 1844இல் இரண்டாம் வகுப்பில்தான் தேறினார். அடுத்த ஆண்டு ஓரியல் கல்லூரி அவரைத் தன் ஆய்வு உறுப்பினராக எடுத்துக்கொண்டது குடும்பத்துக்கு ஆறுதல்.

1847இல் லான்ஸ்டவுன் பிரபுவின் அந்தரங்கச் செயலர் ஆனார். அரசின் கல்விக் குழு அப்போது அந்தப் பிரபுவின் பொறுப்பில் இருந்தது. ஆர்னால்ட் மணந்துகொள்ள விரும்பிய ஃபிரான்சஸ் லூசி ஒரு நீதிபதியின் மகள். பெண்ணைக் கொடுக்க வேண்டுமானால் மாப்பிள்ளைக்கு நிலையான வருமானம் வேண்டும். 1851 ஏப்ரலில் பிரபு அவரைப் பள்ளி ஆய்வாளராக நியமித்தார். ஜூன் மாதம் திருமணம். கல்வியின்மீது காதல் கொண்டு அவர் இந்தப் பணிக்கு வரவில்லை. சில காலத்தில் இந்தப் பள்ளிகளின்மீது தமக்கு அக்கறை பிறக்கும் என்று அவ்வாண்டு மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தம்மையே தேற்றிக்கொள்பவர்போல் சொல்லியிருக்கிறார். வேலைக்காக வந்து, பின்னர் அந்த வேலைக்கே ஆட்பட்டுப்போன ஆசிரியர்கள் பலரை நான் அறிவேன். அதனால் இந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் அரசுப் பள்ளி என்று ஒன்று கிடையாது. சமயச் சபைகளும் சங்கங்களும் பள்ளிகளை நடத்தின. 1833 முதல் அரசு மானியம் அளித்து வந்தது. ஆங்கிலிகன் திருச்சபைப் பள்ளிகளை மதகுருமாரே ஆய்வு செய்ய வேண்டும் என்பது உடன்பாடு. குருப்பட்டம் பெறாத ஆர்னால்டுக்கு மற்றப் பிரிவினரின் பள்ளிகள் வந்தன. அவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நாடெங்கும் சிதறிக் கிடந்தன. தொடக்க ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலப்பரப்பு அவர் பொறுப்பில் இருந்தது. ரயிலிலும் விடுதியிலும் வாழ்க்கை. இரவில் மாணவ-ஆசிரியர்களின் விடைத்தாள்களைத் திருத்தும் வேலை. இளம் மனைவி கைக்குழந்தையுடன் ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார். இவற்றுக்கிடையேதான் அவருடைய நல்ல கவிதைகள் பல எழுதப்பட்டன; 1857இல் ஆக்ஸ்ஃபோர்டின் கவிதைப் பேராசிரியர் பொறுப்பும் கிடைத்தது. அதுவரை லத்தீனில் நிகழ்ந்துவந்த அந்த உரைகளை ஆங்கிலத்தில் நிகழ்த்திய முதல்வர் அவர். பேராசிரியர் பொறுப்பு ஆண்டுக்குச் சில உரைகளோடு முடிந்துவிடும்; சோறு போட்டது ஆய்வாளர் வேலைதான். பள்ளி ஆய்வு ஒரு கவிஞனை விழுங்கிவிட்டது என்று இலக்கிய வரலாறு எழுதுவோர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் முழுமையாக இல்லை.

வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார்? நண்பர் ஒருவர் பதிவு செய்திருக்கும் காட்சி இது. சிறுவன் ஒருவனிடம் நாய் என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டச் சொல்கிறார். அவன் சரியாகச் சொல்கிறான். தம்மாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது என்று பாராட்டிவிட்டு, இன்னும் சற்று முன்னேறிப் பார்ப்போமே என்று பூனைக்கு எழுத்துக்கூட்டச் சொல்கிறார். வகுப்பே ஒரே குரலில் கத்துகிறது. அதற்கும் வியப்பும் பாராட்டும். கறாரான ஆய்வாளர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். பயந்து நிற்கும் குழந்தையிடமிருந்து எதையும் அளந்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குழந்தைகளைவிட அவர்களுக்குத் தரப்பட்ட வாசிப்பு நூல்களே அவரை அதிகம் வருத்தின. வறண்ட தகவல் குவியல்கள், உயிரற்ற செய்யுள்கள், நீதி போதனைகள். ஏழை வீட்டுக் குழந்தை வாழ்நாளில் தொடப்போகும் ஒரே புத்தகம் பெரும்பாலும் அதுதான். அது இலக்கியமாக இருக்க வேண்டாமா என்று 1860ஆம் ஆண்டு வாக்கிலேயே அறிக்கையில் கேட்டார். நல்ல கவிதைகளைக் குழந்தைகள் மனத்தில் தேக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் கடைசிவரை விடாமல் சொல்லிவந்தார்.

1858இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் மக்கள் கல்வியை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. அதன் சார்பில் 1859இல் ஃபிரான்ஸ், ஹாலந்து, சுவிட்சர்லாந்துப் பள்ளிகளைப் பார்த்துவர ஆர்னால்ட் அனுப்பப்பட்டார். அந்தப் பயணத்தின்போதுதான் தம்பி வில்லியம் இறந்த செய்தி எட்டியது. பஞ்சாபின் முதல் பொதுக்கல்வி இயக்குநராக 1856இல் பொறுப்பேற்றவர் அந்தத் தம்பி. அங்கே மனைவியைப் பறிகொடுத்து, நோயுற்று, தாயகம் திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் உயிர்விட்டார். அவருடைய நான்கு குழந்தைகளை ஆர்னால்டின் அக்கா ஜேனும் அவர் கணவர் ஃபாஸ்டரும் வளர்த்தார்கள். இந்த ஃபாஸ்டர் பின்னர் மீண்டும் வருவார்.

ஆணையம் 1861இல் அறிக்கை தந்தது. மேல் வகுப்பில் நன்றாகப் படிக்கும் சிலரையே ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள்; கீழ் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் தெரியாமலே பள்ளியைவிட்டு நின்றுவிடுகிறார்கள்; நாலில் ஒரு குழந்தைக்குத்தான் நல்ல படிப்பு கிடைக்கிறது என்பது அதன் சாரம். கல்வித் துறையின் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ கூர்மையான அறிவும் சிக்கனத்தில் பிடிவாதமும் கொண்ட அரசியல்வாதி. அவர் கொண்டுவந்த தீர்வு எளிமையானது. அரசு பணம் தருகிறது. அதற்கு ஈடாக என்ன கிடைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய ஏற்பாடு செலவு மிகுந்ததாக இருந்தால் பலன் நிச்சயம். பலன் இல்லையென்றால் செலவும் குறைவு என்று அவர் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். லோவை வில்லனாக்கிப் பேசுவது எளிது. வரி கட்டுவோரின் பணத்துக்குப் பொறுப்புக் கேட்பதில் தவறில்லை. கடைசி பெஞ்சுக் குழந்தையைக் கைவிடும் ஆசிரியர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கிறார்.

1862ஆம் ஆண்டின் திருத்திய விதித்தொகுப்பு என்று வரலாற்றில் பெயர்பெற்ற அந்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் சராசரி வருகைக்கு ஆண்டுக்கு 4 ஷில்லிங். 200 முறைக்கு மேல் வருகை தந்த, ஆறு வயது கடந்த குழந்தைக்கு மேலும் 8 ஷில்லிங்; ஆனால் அது தேர்வைப் பொறுத்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் எட்டும் போயிற்று. அந்தப் பணம் பள்ளி நிர்வாகிகளுக்குப் போனது. அதைக் கொண்டே அவர்கள் ஆசிரியருக்குச் சம்பளம் பேசினார்கள். ஆறு வயதுக் குழந்தை ஓர் எழுத்தைத் திருப்பி எழுதினால், அந்தப் பிழைக்கு ஆசிரியர் வீட்டு அடுப்பில் விலை இருந்தது.

இலக்குகள் ஆறு படிகளாக வகுக்கப்பட்டன. முதற்படியில் ஓரசைச் சொற்களால் ஆன சிறு கதையை வாசிக்க வேண்டும். சொல்லக் கேட்டு எழுத்துகளைக் கரும்பலகையிலோ சிலேட்டிலோ எழுத வேண்டும். 20 வரை எண்களை எழுதவும் அடையாளம் காணவும் தெரிய வேண்டும். மூன்றாம் படியில் பள்ளியில் வழங்கும் தொடக்க வாசிப்பு நூலிலிருந்து ஒரு பத்தி. அதே பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை ஒருமுறை மெல்லப் படித்துக் காட்டி, பிறகு சொல் சொல்லாகச் சொல்ல எழுத வேண்டும். ஐந்தாம் படியில் சில வரிக் கவிதை. ஆறாம் படியில், அதாவது ஏழை வீட்டுக் குழந்தையின் படிப்பு முடியும் இடத்தில், செய்தித்தாளின் ஒரு சிறு பத்தியை வாசிக்கவும், இன்னொரு பத்தியைச் சொல்லக் கேட்டு எழுதவும் தெரிந்தால் போதும். வகுப்பைக் குறிக்க நம் வீடுகளில் இன்றும் சொல்லும் ஸ்டாண்டர்டு என்ற சொல்லை இங்கிலாந்துப் பள்ளிகளில் நிலைநிறுத்தியது இந்த விதித்தொகுப்புதான்.

படிக்கும்போது நியாயமான பட்டியலாகவே தெரிகிறது. எழுத்தாளனாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாக்கியத்தைப் பிழையின்றி எழுதினால் போதும் என்கிறார்கள். நான் ஆசிரியராக இருந்தபோது இத்தகைய பட்டியல்களை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவை எனக்கு உதவியும் இருக்கின்றன. எந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மூன்றாம் வகுப்பை நடத்துவது இருட்டில் நாற்று நடுவதுபோல. ஆர்னால்டும் சோதிப்பதை எதிர்க்கவில்லை. சோதனையோடு காசைக் கட்டியதையே எதிர்த்தார்.

1862 மார்ச்சில் ஃபிரேசர்ஸ் இதழில் பெயர் போடாத நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஆர்னால்ட். தம் துறையின் தலைமையையே அரசு ஊழியர் ஒருவர் பொதுவெளியில் மறுக்கிறார். வேலை போய்விடலாம் என்பதை அவர் அறிந்தே இருந்தார். வீட்டாருக்கு எழுதிய கடிதங்களில் அந்த அச்சம் தெரிகிறது. மனைவி, குழந்தைகள், வேறு வருமானம் இல்லை. கல்வித் துறையின் முதற்செயலராக இருந்து ஓய்வுபெற்ற கே-ஷட்டில்வொர்த் அந்தக் கட்டுரையை நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பரப்பினார்.

கட்டுரையின் வாதம் என்னைப் போன்ற வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதுதான். வாசிப்பும் எழுத்தும் தனியே கழற்றி மாட்டக்கூடிய உறுப்புகள் அல்ல. வீட்டில் புத்தகமே காணாத குழந்தை நன்றாக வாசிக்க வேண்டுமென்றால் பேச்சும் கதையும் பாட்டும் உலகச் செய்தியும் அதன் காதில் விழ வேண்டும். மனம் விரிய விரியத்தான் வாசிப்பு திருந்தும். மற்றவற்றை வெட்டிவிட்டு வாசிப்பை மட்டும் குறிவைத்தால், வாசிப்பே கெடும். மேலும், தேர்வில் தவறக்கூடிய குழந்தைகள் மிகுதியாக இருப்பது மிக வறிய பகுதிகளில். உதவி மிகவும் வேண்டிய பள்ளிக்கே மானியம் குறையும். அக்கட்டுரையும் அதையொட்டி எழுந்த கிளர்ச்சியும் முற்றிலும் வீணாகவில்லை. முழு மானியமும் தேர்வைப் பொறுத்தது என்றிருந்த முதல் வரைவு தளர்ந்து, மூன்றில் ஒரு பங்கு வருகைக்கு என்று ஒதுக்கப்பட்டது. மேலே சொன்ன 4 ஷில்லிங் அப்படிக் கிடைத்தது. மற்ற மூன்றில் இரண்டு பங்கு தேர்வோடு கட்டுண்டே இருந்தது.

அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதைவிடக் கடினமான ஒன்று நிகழ்ந்தது. எந்தத் தேர்வை எதிர்த்து எழுதினாரோ, அதே தேர்வை ஊர் ஊராகச் சென்று நடத்தும் கடமை அவர்மேல் விழுந்தது. முன்பெல்லாம் ஆய்வாளர் வகுப்பில் அமர்ந்து ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்ப்பார், பிள்ளைகளிடம் பேசுவார், பள்ளி முழுவதன் அறிவுநிலையை மதிப்பிட்டு ஆசிரியருக்கு யோசனை சொல்வார். இப்போது பெயர்ப் பட்டியலை விரித்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். ஆய்வு நாளன்று கக்குவான் இருமலோடும் அம்மைக் கொப்புளங்களோடும் குழந்தைகள் தாயின் மடியில் கொண்டுவரப்பட்டதாக அக்கால ஆய்வாளர்களின் குறிப்புகள் சொல்கின்றன. குழந்தை வராவிட்டால் பணம் வராது.

அரசுக்குச் சிக்கனம் கிடைத்தது. 1861இல் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இருந்த கல்வி மானியம் 1865இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 13 வயதில் பயிற்சியில் சேர்ந்து, கற்பித்தபடியே ஆசிரியராகும் மாணவ-ஆசிரியர்களின் எண்ணிக்கை சரிந்தது. 1861இல் 36 குழந்தைகளுக்கு ஒருவர் என்றிருந்தது 1866இல் 54க்கு ஒருவர் ஆனது. எழுதவும் கணக்கிடவும் தெரிந்த குழந்தைகள் சில இடங்களில் கூடினார்கள் என்று மற்ற ஆய்வாளர் சிலர் சொன்னதையும் மறைக்கக் கூடாது. லோ 1864இல் பதவி விலகினார். ஆய்வாளர்களின் அறிக்கைகளில் தமக்குப் பிடிக்காத பகுதிகளை வெட்டினார் என்ற குற்றச்சாட்டே அதற்குக் காரணம். அவர் போனார், விதி இருந்தது.

1865இல் மீண்டும் ஐரோப்பியப் பள்ளிகளைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ஆர்னால்ட், 1867ஆம் ஆண்டு அறிக்கையில் தாம் கண்டதை எழுதினார். 1859இல் திரும்பி வந்தபோது கண்டதைவிட ஆங்கிலப் பள்ளிகளில் உயிர்ப்புக் குறைந்திருக்கிறது; சோர்வும் தளர்ச்சியும் படிந்திருக்கின்றன. இயந்திரத்தனமான தேர்வு பாடத்தையும் இயந்திரமாக்கிவிட்டது, ஆய்வையும் இயந்திரமாக்கிவிட்டது என்றார். 1869ஆம் ஆண்டு அறிக்கையில் அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கழற்றியே காட்டினார். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு படிக்கு ஒரு வாசிப்பு நூல் தேர்ந்தெடுக்கப்படும். ஆண்டு முழுவதும் குழந்தைகள் அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், வேறொன்றும் கிடையாது. ஆய்வாளர் வரும் நாளில் அந்த நூலில் ஓரிரு வாக்கியங்களைத் தங்குதடையின்றி வாசிப்பார்கள். வேறொரு நூலைக் கையில் கொடுத்தால் திணறுவார்கள். விதியின் சொல் நிறைவேறிவிட்டது, பணமும் வந்துவிட்டது. குழந்தைக்கோ வாசிக்கத் தெரியாது.

நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் இதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு மதிப்பீட்டுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. எத்தனை விழுக்காடு குழந்தைகள் சரளமாக வாசிக்கிறார்கள் என்ற கணக்கில் பள்ளிகளை வரிசைப்படுத்துவார்கள். கடைசியில் நிற்கும் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அப்படி ஒருமுறை நின்றிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன். நல்ல குரல், நல்ல நினைவாற்றல், ஆனால் எழுத்துகள் அவனிடம் பிடிபடவில்லை. குழு வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஒரே பாடத்தை நாள்தோறும் அவனை வாசிக்க வைத்தேன். ஒருநாள் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவன் அதைக் கவனிக்காமல், விரலை அடுத்த பக்கத்து வரிகளின்மீது ஓட்டியபடி, முந்தைய பக்கத்தையே கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பி வைத்தேன். குழு வந்த அன்று அந்தப் பாடத்தையே எடுத்துக் கொடுத்தேன். அவன் பெயருக்கு எதிரே குறி விழுந்தது. அந்தக் குறியின் காரணமாக அடுத்த ஆண்டு தனிப்பயிற்சிப் பட்டியலில் அவன் பெயர் இடம்பெறவில்லை. வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தனிப்பயிற்சி எதற்கு? இன்று அவன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். பொங்கலுக்குத் தவறாமல் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவான். எப்போதும் குரல் பதிவுதான்.

என்னை யாரும் ஏமாற்றச் சொல்லவில்லை. குழுவினரும் நல்லவர்களே. ஆய்வாளர்களை வெல்லும் வித்தையை ஆசிரியர்கள் கற்றுக்கொள்வார்கள், கற்றே தீர வேண்டியிருக்கும் என்று ஆர்னால்ட் அதே அறிக்கையில் எழுதியிருப்பதைப் படித்தபோது, 1869ஆம் ஆண்டிலிருந்து ஒருவர் என் பதிவேட்டை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆசிரியரை அவர் பழிக்கவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

இந்த விதி இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. 1860களிலேயே சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ப மானியம் தரும் முறை நுழைந்துவிட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் ஆணையம் தொடக்கப் பள்ளிகளுக்கு அதையே பரிந்துரைத்தது. அதிகாரி வருகிறார் என்றால் வகுப்பறை கழுவப்பட்டு, முதல் வரிசையில் கெட்டிக்காரப் பிள்ளைகள் உட்கார வைக்கப்படும் நம் பழக்கத்துக்கு வயது அதிகம்.

இன்று மீண்டும் இலக்குகளின் காலம். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் வகுப்பில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60 சொல். தமிழ்நாட்டில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. இரண்டின் நோக்கத்தையும் நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். என் மாணவனைப் போன்றோருக்காகவே அவை வந்தன. சொற்களை எண்ணுவதில் மட்டும் ஒரு சிறு குறை. வந்துகொண்டிருந்தவர்களுக்காக என்பது தமிழில் ஒரே சொல். இந்தியில் அதைச் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். 2022இல் நடந்த தேசிய அடிப்படைக் கற்றல் ஆய்வு மொழிதோறும் தனி அளவு வகுத்தது இந்த வேறுபாட்டை மதிக்கிறது. என் கவலை அளவைப் பற்றியது அன்று. அந்த எண் யாருக்குப் போகிறது, போய் என்ன ஆகிறது என்பதே கேள்வி. வகுப்பாசிரியரிடம் தங்கி, நாளைக்கு எந்தக் குழந்தையின் அருகில் உட்கார வேண்டும் என்று சொல்லுமானால் அந்த எண் நல்லது. மாவட்டங்களின் தரவரிசைக்கும், பாராட்டுச் சான்றிதழுக்கும், விளக்கம் கேட்கும் கடிதத்துக்கும் பயணப்படுமானால், அது நான் அன்று வாங்கிய குறியாக மாறிவிடும். குறைந்த மதிப்பு வாங்கிய பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் ஒருவர் கிடைப்பார் என்று ஓர் ஆணை வரட்டும். மறுநாளே எல்லாப் பதிவேடுகளும் உண்மை பேசத் தொடங்கும். அப்போது குறையைக் கூட்டிச் சொல்வார்களே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சொல்லலாம். அந்தப் பொய்யால் எந்தக் குழந்தையும் பயிற்சியை இழக்காது.

ஆர்னால்டுக்குத் திரும்புகிறேன். 1868ஆம் ஆண்டு அவருக்குக் கொடியது. ஜனவரியில் கைக்குழந்தை பேசில் இறந்தான். நவம்பரில் 16 வயது டாம். 1872இல் 18 வயது மகன் டிரவெனனும் போனான். 1867க்கும் 1869க்கும் இடைப்பட்ட அந்த அறிக்கைகளை எழுதிய கை, இரண்டு பிள்ளைகளைப் புதைத்த கை. பண்பாட்டைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்ததும் 1869இல்தான். என் வினாத்தாள் அதைத்தான் கேட்டது. 1870இல் இங்கிலாந்து தன் முதல் தொடக்கக் கல்விச் சட்டத்தை இயற்றியது. கொண்டுவந்தவர் மைத்துனர் ஃபாஸ்டர். பள்ளி இல்லாத இடங்களில் பள்ளி வந்தது. தேர்ச்சிக்கேற்ற மானியமும் தொடர்ந்தது. குடும்பத்துக்குள்ளேயே சட்டம் பிறந்தும் அந்த ஒன்றை அவரால் அகற்ற முடியவில்லை. பின்னர் மேல்படிகளில் இலக்கியம் ஒரு விருப்பப் பாடமாகி, நூறு வரி, இருநூறு வரி என்று கவிதை மனப்பாடத்துக்கும் மானியம் வைத்தார்கள். அவர் விரும்பிய கவிதை வகுப்புக்குள் வந்தது, கழுத்தில் விலைச்சீட்டோடு.

ஏன் பதவியை உதறவில்லை என்று கேட்கலாம். குடும்பம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன். உள்ளே இருந்தவரைக்கும் ஆண்டு அறிக்கை என்ற ஒரு தாள் அவர் கையில் இருந்தது. ஆண்டுகள் மாறினாலும் அதில் அவர் சொன்னது மாறவில்லை. 1884இல் தலைமை ஆய்வாளர்களில் ஒருவராக உயர்ந்தார். 1885-86இல் மீண்டும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஃபிரான்ஸ் பள்ளிகளைப் பார்த்து எழுதினார். 1886இல் கல்வியை ஆராய அமைந்த கிராஸ் ஆணையத்தின் முன் சாட்சியளித்தபோதும், 24 ஆண்டுகளுக்கு முன் பெயர் போடாமல் எழுதியதைப் பெயரோடு சொன்னார். அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றார்.

அமெரிக்காவில் மணமாகிச் சென்ற மகள் லூசி கப்பலில் வருகிறாள் என்று, 1888 ஏப்ரலில் எதிர்கொண்டழைக்க லிவர்பூல் சென்றார். ஏப்ரல் 15 அன்று டிராம் வண்டியைப் பிடிக்க ஓடியவர், இதயம் நின்று வீழ்ந்தார். வயது 65. லேல்ஹாமில் மூன்று மகன்களின் அருகே அடக்கம் செய்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1890ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு மூன்று பாடங்களுக்கும் தனித்தனி விலை வைக்கும் முறையைக் கைவிட்டது. எஞ்சியிருந்த கிளைகளும் உதிர 1897 வரை ஆயிற்று. 1862இல் ஆறு வயதாக இருந்து, சிலேட்டில் எழுதித் தன் ஆசிரியருக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் ஈட்டித் தந்த குழந்தைக்கு அப்போது 41 வயது.